பழைய ஏடு, பழைய புத்தகம்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் பழைய புத்தகங்கள், ஏட்டுச் சுவடிகள், கையெழுத்துக் கொப்பிகள் வாங்கி விற்பது என் தொழில். வீட்டுக்கு வருபவர்களும் தொலைபேசியில் கதைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தொழிலில் நீங்கள் உண்மையில் செய்வது என்ன?

வாங்குவதும் விற்பதும் இதில் சிறிய பங்குதான். கூடுதலான நேரம் பார்ப்பதிலும் விசாரிப்பதிலும் எழுதி வைப்பதிலும் போகிறது. ஒரு ஏட்டுக்கட்டு கைக்கு வந்தால் நூலின் பெயரைத் தேடுவதற்கு முன்பே சில விஷயங்களைக் கொப்பியில் எழுதுவேன். எந்த ஊர், யார் வைத்திருந்தவர், அவர் பரிகாரியாரா (நாட்டு வைத்தியர்), அண்ணாவியாரா (கூத்துப் பழக்குபவர்), வாத்தியாரா, அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, கடைசியாக யார் வாசித்தார் என்பவைதான் அவை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பார்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பரிகாரியார் குடும்பத்திலிருந்து வந்த வாகடம் (வைத்திய நூல்) என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தில் எந்த நோய்க்கு எந்த மூலிகை கொடுத்தார்கள், அந்த மூலிகைக்கு அங்கே என்ன பெயர் என்பதை ஓர் ஆய்வாளர் அதிலிருந்து எடுக்கலாம். அதே வாகடம் ஊரும் பெயரும் இல்லாமல் கொழும்புச் சந்தைக்குப் போய்விட்டால் அது வெறும் ஓலை. வந்த இடத்தைத் தொலைத்த சுவடி தன் பெறுமதியில் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இந்தப் பேச்சு திரும்ப வரும்.

பழைய சாமான்கள் உங்களுக்கு எங்கிருந்து கிடைக்கின்றன?

பெரும்பாலும் வீடுகளில் இருந்துதான். ஒருவர் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைத் துப்புரவாக்கும்போது அழைப்பு வரும். மாரி தொடங்குமுன் கூரை பிரித்து ஓடு மாற்றும்போது பரணில் இருந்து பெட்டி இறங்கும். நவராத்திரியில் சரஸ்வதி பூசைக்காக ஏட்டை வெளியே எடுத்து வைப்பார்கள். பூசை முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படம் எடுத்து அனுப்பி, "இது என்ன?" என்று கேட்பார்கள். புரட்டாசி, ஐப்பசி இந்தத் தொழிலில் நல்ல மாதங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலுமாரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தத் தலைமுறை வாத்தியார்மார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கியவர்கள். முதல் பக்கத்தில் பெயரும் வாங்கிய திகதியும் எழுதி, கடதாசி உறை போட்டு வைத்திருப்பார்கள்.

அடுத்தது பழைய பேப்பர் வாங்குபவர்கள். கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போகும் அவர்களுடைய சாக்கில் எப்போதும் ஏதாவது இருக்கும். தராசில் போடுமுன் எனக்குச் சொல்லச் சொல்லி வைத்திருக்கிறேன். கிலோ விலையை விடக் கூடவே கொடுப்பேன். அவர்கள் கண்ணில் படாமல் போனவை கச்சான் சுருளாகத்தான் முடிகின்றன.

அம்மப்பாவின் ஏட்டுக்கட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் அவசரமாகச் செய்ய வேண்டாம். கயிற்றை அவிழ்க்க வேண்டாம். மங்கலாக இருக்கிறது என்று மண்ணெண்ணெய் பூசுவதும், ஈரத் துணியால் துடைப்பதும், வெயிலில் காயப்போடுவதும் ஏட்டைக் கொன்றுவிடும். காய்ந்த பனையோலை வளைத்தால் ஒடியும். கொம்யூனிகேஷன் கடையில் லெமினேட் செய்து தருவார்கள் என்று சிலர் கொண்டு போகிறார்கள். பிளாஸ்டிக்கை ஒட்டிய பிறகு அதைத் திரும்பப் பிரிக்க முடியாது, எழுத்தும் அதோடு போய்விடும்.

மெல்லிய தூரிகையால் மேல்தூசியைத் தட்டுங்கள். கழுவி உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, கறையான் ஏறாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் இருந்து கேட்டு, அந்த ஏட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு கடதாசியில் எழுதி, அதையும் கட்டோடு வையுங்கள். யாருக்கு என்ன விற்பது என்பதை அடுத்த வருடமும் யோசிக்கலாம். அந்த மூத்தவரை அடுத்த வருடமும் கேட்கலாம் என்று நம்பியிருக்க முடியாது.

விற்றுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. வீட்டில் ஒருவருக்காவது அதில் அக்கறை இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். படமாக்கிக் கொள்ள மட்டும் அனுமதி கேட்பேன்.

இது எத்தனை வருடப் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பார்த்தவுடன் "முந்நூறு வருடம்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நம்முடைய காலநிலையில் பனையோலை இருநூறு, முந்நூறு வருடம் நிற்பதே பெரிய காரியம். அதனால்தான் நம் முன்னோர் ஏட்டை வழிவழியாகப் பெயர்த்து எழுதி வந்தார்கள். இன்று கைக்கு வருபவற்றில் கூடுதலானவை 19ஆம் நூற்றாண்டிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதிய பிரதிகள். உள்ளே இருக்கும் பாட்டு அதைவிடப் பல நூறு வருடம் முந்தியதாக இருக்கலாம். நூலின் வயது வேறு, பிரதியின் வயது வேறு.

முதலில் கடைசி ஏட்டைப் பார்ப்பேன். எழுதி முடித்தவர் வருடம், மாதம், திகதி, கிழமை, சில வேளை நட்சத்திரம், தன் பெயர், யாருக்காக எழுதினார் என்பதையெல்லாம் குறித்திருப்பார். வருடம் அறுபது வருடச் சுற்றில்தான் இருக்கும். "விளம்பி" என்று இருந்தால் அது 1838 ஆகலாம், 1898 ஆகலாம், 1958 கூட ஆகலாம். அந்த மாதம் அந்தத் திகதியில் அந்தக் கிழமையும் நட்சத்திரமும் எந்த வருடத்தில் சேர்ந்து வந்தன என்று பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றே மிஞ்சும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயர்த்து எழுதியவர் மூல ஏட்டில் இருந்த திகதியையும் அப்படியே சேர்த்து எழுதியிருப்பார். அப்போது அது தாய் ஏட்டின் திகதி, கையில் இருப்பதன் திகதி அல்ல.

பிறகு எழுத்தைப் பார்ப்பேன். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். இவை வேறுபட்டு எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் அச்சுப் புத்தகம் படித்துப் பழகியவர் என்று எண்ண இடமுண்டு.

பூச்சித் துளைகளையும் வடிவாகப் பார்க்க வேண்டும். பூச்சி ஓர் ஏட்டில் புகுந்து அடுத்த ஏட்டால் வெளியேறும். எனவே துளைகள் ஏட்டுக்கு ஏடு நேராகத் தொடர வேண்டும். தொடரவில்லை என்றால் ஏடுகள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது வேறு கட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றன. இலக்கம் அழிந்த கட்டுகளைச் சரியான வரிசைக்குக் கொண்டுவர இந்தத் துளைகள் பெரிய உதவி.

போலி ஏடுகள் வருமா?

வரும். சுற்றுலாப் பயணிகளுக்கென்று புதிதாக எழுதி, நிறமேற்றி விற்பவை இருக்கின்றன. எழுத்து பூச்சித் துளையைச் சுற்றி விலகிப் போகிறதா, துளை எழுத்தை வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்த்தால் போதும். எழுத்து விலகிப் போனால் துளை முந்தியது, எழுதியது பிந்தியது. இன்னொன்று, தாளிப்பனை ஓலை அகலமாகவும் மென்மையாகவும் இருக்கும். சிங்கள ஏடுகள் பெரும்பாலும் அதில் எழுதப்பட்டவை. நம் பக்கத்து ஏடுகள் கூடுதலாகப் பனையோலை. அது ஒடுங்கியது, தடித்தது.

ஏட்டை வாசிக்கப் பழகலாமா?

நிச்சயமாகப் பழகலாம். தமிழ் தெரிந்தவருக்குச் சில வாரம் போதும், வேகம் வரத்தான் காலம் எடுக்கும். தெரிந்த பாட்டில் தொடங்குங்கள். அச்சில் வந்துவிட்ட ஒரு நூலின் ஏட்டுப் படத்தையும் அச்சுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். சொற்களுக்கு இடையில் இடைவெளி இல்லாததுதான் முதலில் தடுமாற வைக்கும். உரத்து வாசித்தால் ஓசை தானே சீர் பிரித்துக் கொடுக்கும். இந்த நூல்களில் பல பாடுவதற்காகவே எழுதப்பட்டவை.

தமிழ் இலக்கங்களையும் பழகிக்கொள்ளுங்கள். ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) தெரியாமல் ஏட்டின் எண்ணையும் படிக்க முடியாது, 19ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகத்தின் வருடத்தையும் படிக்க முடியாது. ௲௮௱௮௰௭ என்று முகப்பில் இருந்தால் அது 1887.

நூறு வருடப் பழைய புத்தகம் இருக்கிறது. எவ்வளவு தருவீர்கள்?

பழசு என்பதற்காக மட்டும் விலை வராது. ஆயிரக்கணக்கில் அச்சடித்த பழைய பாடப்புத்தகமோ பிரார்த்தனைப் புத்தகமோ நூறு வருடம் தாண்டியிருந்தாலும் தேடுவோர் குறைவு. ஐம்பது வருடமே ஆன, ஊர்ச் சங்கம் ஒன்று சில நூறு பிரதி மட்டும் அடித்த கோயில் மலருக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நான் பார்ப்பது, தேடுபவர் இருக்கிறாரா, முழுமையாக இருக்கிறதா, முதற்பதிப்பா, எந்த நிலையில் இருக்கிறது, யாருடைய கையில் இருந்தது என்பவை. முகப்புத்தாள் கிழிந்து போயிருந்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் எந்த அச்சகம், எந்த வருடம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஓரம் கறையான் தின்றிருந்தாலும் எழுத்து முழுதாக இருந்தால் பரவாயில்லை. உள்ளே பெயர் எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடப் பரிசு என்று ஒட்டியிருக்கிறது என்று சிலர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அந்தக் கையெழுத்தால்தான் அந்தப் பிரதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பொதுவாக, நான் விற்கக்கூடும் என்று நினைக்கும் விலையில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை கொடுப்பேன். சில புத்தகம் வருடக்கணக்கில் அலுமாரியில் இருக்கும். அது வரைக்கும் பூச்சியிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பாற்றுவது என் செலவு. இதை விற்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அரிய புத்தகம் என்று எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாவிட்டால், அதையும் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன்.

நம் பகுதியைப் பற்றிய புத்தகங்களில் எவற்றை ஆட்கள் தேடுகிறார்கள்?

எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962இல் வந்த "மட்டக்களப்பு மான்மியம்" முதல் வரிசையில் வரும். ஏடுகளில் கிடந்த நம்முடைய பழைய வரலாற்றுக் கதைகளும் குடி வழமைகளும் அச்சுக்கு வந்த புத்தகம் அது. வித்துவான் வீ.சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964இல் வந்தது. அவர் பதிப்பித்த "கண்ணகி வழக்குரை" 1968. இந்த மூன்றின் முதற்பதிப்புகளும் நல்ல நிலையில் கிடைத்தால் அன்றைக்கே வாங்க ஆள் இருக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த தென்மோடிக் கூத்தான "அலங்காரரூபன் நாடகம்" (1962) கூத்துப் பழகுபவர்களும் ஆய்வாளர்களும் கேட்பது.

ஆங்கிலத்தில் எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட விவரண நூலும், முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டத்தைப் பற்றி பிரிட்டோ 1876இல் வெளியிட்ட சிறு நூலும் அபூர்வம். முக்குவச் சட்டம் பற்றிய கதை எங்கே எழுந்தாலும் பிரிட்டோவின் பெயர் வந்துவிடும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளுக்குத் தனி இடம். "மதங்க சூளாமணி" 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. "யாழ்நூல்" 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறி, கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அடுத்த மாதமே அடிகள் மறைந்துவிட்டார். அந்த முதற்பதிப்பை 1974 பதிப்போடு குழப்பிக்கொண்டு கொண்டுவருபவர்கள் உண்டு, முகப்புத்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் விரும்பித் தேடுவது யாரும் புத்தகம் என்றே நினைக்காத சாமான்களை. அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், ஊர்ப் புலவர்கள் சொந்தக் காசில் அடித்த காவியங்கள், அம்மன் பள்ளு, வெள்ளத்தையும் புயலையும் பாடிய சிறு பிரசுரங்கள், முப்பத்தொராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலர்கள். ஒரு நினைவு மலரில் நாலு தலைமுறை வம்சாவளி இருக்கும், ஊரின் பழைய பெயர் இருக்கும், வேறெங்கும் இல்லாத ஒரு தாலாட்டு இருக்கும். சடங்கு முடிந்த கையோடு அதைத்தான் முதலில் எறிகிறார்கள்.

கோயில் ஏடுகளை வாங்குவீர்களா?

இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி வரை நடக்கும் சடங்கில் அந்த ஏட்டுக்கும் பங்கு இருக்கிறது. அது பூசை செய்யும் கட்டாடியாருக்கோ கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்கோ தனிப்பட்ட சொத்து அல்ல, ஊருக்குச் சொந்தம். கோயிலில் இருந்து வந்தது என்று தெரிந்தால், எவ்வளவு நயமான விலை சொன்னாலும் தொட மாட்டேன். எந்தக் கோயில் என்று கேட்டு, அங்கே தெரிவிப்பேன்.

கோயில் நிர்வாகத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏட்டை ஒருமுறை முழுதாகப் படம் எடுத்து, அந்தப் படங்களை மூன்று இடங்களில் வையுங்கள். ஊருக்கு ஊர் பாடம் வேறுபடும். தம்பிலுவில் பாடத்தில் உள்ள ஒரு வரி காரைதீவில் இல்லாமல் இருக்கலாம். ஓர் ஏடு அழிந்தால் அந்த ஊரின் பாடமும் அதோடு போகும்.

மாந்திரீக ஏடு வீட்டில் இருக்கிறது, வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. ஆற்றில் விடலாமா?

மட்டக்களப்பார் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்ச் சனம் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணுவதில்லை. பூசை செய்து வைத்திருந்தவர் போன பிறகு, பூசையில்லாமல் ஏடு வீட்டில் இருப்பது கூடாது என்று அம்மாமார் நினைக்கிறார்கள்.

ஆனால் ஆற்றில் விடுமுன் ஒருவருக்குக் காட்டுங்கள். மந்திரம் என்று ஒதுக்கிய கட்டுகளில் பாதிக்கு மேல் விஷகடி வைத்தியமும் பிள்ளைப் பிணி மருந்தும் சோதிடமும் கலந்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் கீறிய ஓர் ஏட்டைக் கண்டதும் முழுக் கட்டையும் மந்திரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில் வைக்க மனம் இல்லையென்றால், குடும்பத்தின் பெயரோடு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வழி நான் சொல்லித் தருகிறேன், அதற்குக் காசு இல்லை.

மூத்தவாப்பாவின் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. அவற்றையும் பார்ப்பீர்களா?

கட்டாயம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று வீடுகளில் இவை நிறைய இருந்தன. தமிழை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கென்று சில எழுத்துகளைச் சேர்த்து எழுதியவை. வலப்பக்கத்தில் கட்டு இருப்பதால், தெரியாதவர்கள் எல்லாவற்றையும் அரபு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் நூல்கள் கடல் கடந்து இங்கே வந்து ஓதப்பட்டன. ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும், முன்தாளில் எழுதிய பிறப்பு இறப்புத் திகதிகளையும் விட்டுவிடாதீர்கள்.

இவற்றை வாசித்து விளங்கிக்கொள்ள ஊரில் ஒரு மௌலவியின் துணையை நான் நாடுவேன். குர்ஆன் வசனம் உள்ள பழுதான தாள்களை எப்படிக் கையாள்வது என்பதை அவர் சொல்படியே செய்வேன்.

இவ்வளவு பழைய ஊர், ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கிறது?

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. 1957 மார்கழி வெள்ளம், 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 தை மாத வெள்ளம். சூறாவளியில் கூரை போன வீடுகளில் பரணில் இருந்தது எல்லாம் மழையில் நனைந்து கூழானது. சுனாமியில் கல்லடி, திருக்கோவில், கல்முனைப் பக்கம் வீடே போனது, ஏட்டை யார் தேடுவது. போர்க்காலத்தில் புத்தகம் வைத்திருப்பதே ஆபத்து என்று அடுப்பில் போட்டவர்களும், புதைத்துவிட்டுத் திரும்பி வர முடியாமல் போனவர்களும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்று சொல்வார்கள். அதில் ஒரேயொரு பிரதியாக இருந்தவற்றை இனி எந்த விலைக்கும் வாங்க முடியாது.

இதனால்தான் ஒரு வீட்டில் ஒரு கட்டு தப்பியிருக்கிறது என்று கேட்டால், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றே போய்விடுகிறேன்.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு ஏட்டை அனுப்பலாமா?

சட்டத்தைப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதத்தக்க சுவடி 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பிந்தியதாக இருந்தாலும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் அரிய சுவடிகளையும் பழைய நூல்களையும் உள்ளடக்குகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. அவற்றை வியாபாரமாக விற்பதற்கும் அனுமதி வேண்டும். சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் சேர்த்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளை 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. இப்போது அவை லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. நன்றாகப் பாதுகாக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இங்கே ஒரு பிள்ளை அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். அண்ணனுக்குப் படங்களை அனுப்புங்கள். ஏடு ஊரில் இருக்கட்டும்.

பழைய காணி உறுதி, ஓலை உறுதி வாங்குவீர்களா?

குடும்பத்தில் உரிமை தொடர்பான எதையும் வாங்குவதில்லை. இன்றும் வழக்குக்குத் தேவைப்படலாம். படமாக்கி வைத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

மாரி காலத்தில் புத்தகங்களை எப்படிப் பாதுகாப்பது?

நவம்பர் முதல் தை வரை காற்றே ஈரமாக இருக்கும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து விடுங்கள். அடித்தட்டில் ஒன்றும் வைக்க வேண்டாம். புத்தகங்களை நெருக்கி அடுக்க வேண்டாம். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பதுதான், பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். மழை விட்ட நாளில் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு விடுங்கள். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைப்பது நம் பழைய வழக்கம், நானும் வைக்கிறேன். எலுமிச்சம்புல் எண்ணெய் ஓலைக்கு மட்டும், அதுவும் பழகிய கையால். கடதாசிக்கு எந்த எண்ணெயும் ஆகாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால் வேகம் முக்கியம். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், தாள்களுக்கு இடையில் அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். நிறையப் புத்தகங்கள் நனைந்து கை போதாவிட்டால், முக்கியமானவற்றைப் பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வையுங்கள். உறைந்த புத்தகம் பழுதாகாமல் காத்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். ஓலையை இப்படி உறைய வைக்க வேண்டாம், நிழலில் தனித்தனி ஏடாக உலர்த்துங்கள்.

படமாக்கி இணையத்தில் போட்டுவிட்டால் உங்கள் வியாபாரம் கெட்டுவிடாதா?

கெடாது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனத்தின் இணைய நூலகத்தால், நான் வருடக்கணக்கில் தேடியும் கிடைக்காத புத்தகங்களை இன்று யாரும் வீட்டிலிருந்து வாசிக்கலாம். வாசித்தவர்தான் மூலப்பிரதியைத் தேடி வருகிறார். என் கைக்கு வரும் அரியவற்றை, உரியவர் சம்மதித்தால், விற்குமுன் படமாக்கக் கொடுத்துவிடுவேன்.

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். புத்தகத்தை வாங்குவதால் மறுபதிப்பு உரிமை வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 வருடம் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. விபுலானந்த அடிகளின் எழுத்துகள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. மற்ற நம்மூர் ஆசிரியர்கள் பலருக்கு இன்னும் இல்லை.

இந்தத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? நானும் பழகலாமா?

இதை மட்டும் நம்பி நடத்துவது கடினம். பாடப்புத்தகம், பயிற்சிக் கொப்பி விற்பனையோடு சேர்த்துச் செய்தால் மூச்சு விடலாம். கையில் பணம் இருக்கும் மாதத்தில் நல்ல கட்டு வராது, நல்ல கட்டு வரும் மாதத்தில் கையில் பணம் இராது. ஆனாலும் இளம் ஆட்கள், அதிலும் பெண் பிள்ளைகள், இதற்கு வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். என்னிடம் சொல்லாததை ஒரு தங்கச்சியிடம் இருந்து கதைத்துச் சொல்வார்கள்.

தமிழ் இலக்கியம் ஓரளவு, ஏட்டெழுத்து, பஞ்சாங்கக் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், நிறையப் பொறுமை. மற்றதெல்லாம் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கும்போது வரும்.

ஒரு கட்டைக் காட்ட வருவதென்றால் எப்படி வருவது?

முதலில் படம் அனுப்புங்கள். நேர்வெளிச்சத்தில் ஏட்டின் கீறல் தெரியாது. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து, முதல் ஏடு, நடுவில் ஒன்று, கடைசி ஏடு மூன்றையும் எடுங்கள். கட்டு இறுகியிருந்தால் பிரிக்காமல் மேல் ஏட்டை மட்டும் எடுத்தால் போதும். அநேகமாகத் தூர இடங்களுக்கு நானே வந்து பார்ப்பேன். நீங்கள் வருவதானால் மழை இல்லாத நாளில், தட்டையான பெட்டியில், துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். பலகை, கயிறு, சேர்ந்து கிடந்த துண்டுக் கடதாசி, உடைந்த ஏட்டுத் துணுக்கு எதையும் வீட்டில் விட்டுவிட வேண்டாம். அந்தக் கட்டைப் பற்றித் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு வர முடியாவிட்டால், எனக்கு முன்னால் இருந்து தொலைபேசியில் அவரோடு கதைக்க விடுங்கள்.